மல்லாட்டை ஒரு கிலோ

மளிகைச் சீட்டில் நான் எழுதியது ஐந்தே வரி. துவரம்பருப்பு, புளி, மிளகாய், கடுகு, கடைசியாக மல்லாட்டை ஒரு கிலோ. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி மகள் அதை வாங்கிப் பார்த்தாள். பேனாவை எடுத்துக் கடைசி வரியை அடித்துவிட்டு 'நிலக்கடலை' என்று எழுதினாள். "மல்லாட்டைங்கறது கொச்சை, அத்தை. படிச்சவங்க அப்படி எழுத மாட்டாங்க" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பள்ளியில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் அந்த ஒரு கோடு மனசில் கிடந்து உறுத்தியது. என் ஆயா வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல் அது. போளூர் பக்கத்துக் கிராமத்தில், ஆடி விதைப்புக்கு முன்னால், விதை மல்லாட்டை உடைக்கும் கூலிக்குப் போவார். படிக் கணக்கில் கூலி. சாயங்காலம் திரும்பி வரும்போது கட்டைவிரல் நகம் வெடித்திருக்கும். தோல் கிழிந்த பருப்பும் பிளந்த பருப்பும் விதைக்கு ஆகாது என்பதால், அவற்றில் ஒரு கை முந்தானையில் முடிந்து வருவார். அதை வாணலியில் வறுத்து, காய்ந்த மிளகாயும் உப்பும் ஒரு பல் பூண்டும் வைத்து அம்மியில் அரைத்தால் ராத்திரிக் கூழுக்குத் துவையல் ஆயிற்று. அந்தச் சொல் கொச்சை என்றால் அந்தத் துவையலும் கொச்சை, அந்த நகமும் கொச்சை என்றுதானே ஆகிறது?

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். மணிலாவிலிருந்து வந்தது, அதனால் மணிலாக்கொட்டை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துச் சீட்டிலும் 'மணிலா' என்றுதான் இருக்கும். செய்தித்தாளில் வரத்து நிலவரம் போடுகிறவர்களும் 80 கிலோ மூட்டைக்கு இன்ன விலை என்று 'மணிலா'வையே எழுதுவார்கள். அது சரி. ஆனால் மணிலா எப்படி மல்லாவானது? 'ஆட்டை' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வேட்டவலம் சாலைப் பக்கம் ஒரு செக்கு உண்டு. இப்போது மோட்டாரில் ஓடுகிறது. செக்குக்காரருக்கு எண்பது வயது இருக்கும். நல்லெண்ணெய் வாங்கப் போன இடத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுல இன்னாம்மா கீது? மணிலாவ ஆட்டறோம். ஆட்டறதால ஆட்டை. மணிலாட்டை, மல்லாட்டை. அவ்ளோதான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. செக்கில் ஆட்டுவதிலிருந்து ஆட்டை! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லை மென்றுகொண்டே வந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு சந்தேகம் தட்டியது. மறுபடி போனேன்.

"ஐயா, எள்ளையும்தானே ஆட்டறீங்க? அதை ஏன் யாரும் எள்ளாட்டைன்னு சொல்றதில்ல?"

"எள்ளு எப்ப வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? எண்ணெங்கற பேரே அதோட பேருதான். அதுக்குப் பேரு வெக்கறப்ப நாங்க இல்ல. மல்லாட்டை அப்டி இல்லம்மா, எங்க பாட்டன் கண்ணு முன்னாடி பரவுன பயிரு. செக்குக்காரன் வெச்ச பேரு அது."

எண்ணெய் என்பது எள்ளின் நெய். அவர் சொன்னதில் பிழை இல்லை. அவருடைய தர்க்கம் என்னைக் கட்டிப்போட்டது. ஒரு மாதத்தில் நாலு தடவை போய் அவர் திண்ணையில் உட்கார்ந்தேன். மாடு கட்டி ஆட்டிய காலத்தில் மாட்டின் கண்ணுக்கு ஓலைப் பட்டை கட்டியது, வாகை மரத்தில் செக்குக் கடைந்தது, பிண்ணாக்கு வாங்க விடியற்காலையிலேயே ஆட்கள் வந்து நின்றது எல்லாம் சொன்னார். கூடவே, தன் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

"எங்க பாட்டன் சொல்வாரு, விளையறதுல முக்கால்வாசி செக்குக்கே வராதாம். உடைச்ச பருப்பா மூட்டை கட்டி வண்டியில புதுச்சேரிக்குப் போயிடுமாம். பிரெஞ்சுக்காரனுக்கு எண்ண வேணாம், பருப்புதான் வேணும்."

இதைத் தேடிப் படித்தபோது அவர் பாட்டன் சொன்னது சரியென்று தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுப் பருப்பு புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஆலைகளில் பிழிந்து சோப்பு செய்தார்கள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் ரயில் வந்ததும் போக்குவரத்து இன்னும் சுலபமானது. அன்றைக்குத் திருவண்ணாமலை தாலுகாவும் தென்னார்க்காட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. பயிரைப் பரப்பியது கப்பல் வியாபாரம் என்றால், அதற்குப் பெயர் வைத்தது ஊர்ச் செக்கு என்று எப்படிச் சொல்வது? இதைச் சொன்னபோது பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். "கப்பல்காரன் மூட்டைக்குப் பேரு வெப்பான். சோத்துல ஊத்தறவன்தான் பொருளுக்குப் பேரு வெப்பான்." அதற்குமேல் நான் பேசவில்லை. உண்மையில் அவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

அந்த ஆசை ஒரு பௌர்ணமி இரவில் உடைந்தது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நிருதி லிங்கம் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். ஓரமாக அலுமினியக் குண்டானில் அவித்த காயை வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி கூவினார்: "மல்லாக்கொட்ட, சூடா மல்லாக்கொட்ட!"

நின்றுவிட்டேன். இருபது ரூபாய்க்கு வாங்கிப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"ஆயா, மல்லாக்கொட்டையா மல்லாட்டையா?"

"எங்கூரு பண்ருட்டிப் பக்கம். அங்க மல்லாக்கொட்ட. பெரியவங்க மணிலாக்கொட்டம்பாங்க. இங்க வந்தா நீங்க மல்லாட்டங்கறீங்க. வாய்க்கு எது சுளுவோ அதாம்மா."

மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. நடுப்படி இத்தனை நாளாகக் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. வேகமாகச் சொல்லும்போது 'ணி' தேய்ந்து 'ல' இரட்டித்தது. மேற்கே வர வர, 'கொ'வும் விழுந்தது. செக்கும் இல்லை, ஆட்டுவதும் இல்லை. வாய் தேய்த்த கொட்டைதான் அது. காய் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் வருத்தம். இன்னொரு பக்கம், ஆயாவின் சொல் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்ட நிம்மதி.

செக்குக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பண்ருட்டிக்காரங்க முந்திரிக்கொட்டை, முந்திரிக்கொட்டைன்னு சொல்லிச் சொல்லி எல்லாத்துக்கும் கொட்டை சேத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு எண்ணெயை அளக்கத் தொடங்கினார். அவர் கடைசிவரை மாறவில்லை.

ஆக மிச்சமிருந்தது மணிலா. பொலிவியாவும் அர்ஜென்டினாவும் சேரும் மலையடிவாரத்தில் பிறந்த செடி, எங்கோ கிழக்கே இருக்கும் பிலிப்பைன்ஸ் துறைமுகத்தின் பெயரை ஏன் சுமக்கிறது? மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்சிகோ வெள்ளியோடு அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களும் அந்த வழியில் ஆசியாவுக்குள் வந்தன. மணிலாவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையிலோ துணி வியாபாரம் நடந்தது. சைதாப்பேட்டையில் 1726இல் மர்மலாங் பாலம் கட்டிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் செழித்தவர்தான்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது வந்த இன்னொரு செய்தி என் தேடலின் போக்கையே மாற்றியது. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கக் கிளம்பியது சென்னையிலிருந்து. இந்தியச் சிப்பாய்களும் அந்தக் கப்பல்களில் போனார்கள். 1764இல் படை திரும்பியபோது சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு குடும்பமானார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 'கரே-கரே' என்று ஒரு குழம்பு உண்டு. அந்தப் பெயர் நம் 'கறி'யிலிருந்து வந்தது, அந்தச் சிப்பாய்களின் கைப்பக்குவம் அது என்று ஒரு கதை சொல்கிறார்கள். வேறு கதைகளும் உண்டு. ஆனால் அந்தக் குழம்பு எதில் செய்வது என்று படித்ததும் என் கை நின்றுவிட்டது. வறுத்து அரைத்த மல்லாட்டையில்.

அதற்குமேல் புத்தகத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர்கள் மாட்டு வாலை வேகவைத்துச் செய்வார்கள். கூடவே போடும் காய்களைப் பாருங்கள்: கத்தரிக்காய், வாழைப்பூ, நீளக் காராமணிக்காய். மூன்றும் எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைப்பவை. வறுத்து இடித்த அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். நான் இறைச்சி இல்லாமல் செய்தேன். இரண்டு கை மல்லாட்டையை மிதமான தீயில் வறுத்துத் தோலைப் புடைத்து எடுத்து, கொரகொரப்பில்லாமல் அரைத்தேன். வாழைப்பூவை நரம்பு எடுத்து மோரில் போட்டு, அப்புறம் வேகவைத்தேன். வெங்காயமும் பூண்டும் வதக்கி, காய்களைப் போட்டு, விழுதைக் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் அரிசி மாவு சேர்த்தேன். நிறத்துக்கு அங்கே ஒரு செந்நிற விதையைப் போடுவார்கள். நான் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டேன். தொட்டுக்கொள்ள அவர்களுக்கு உப்பிட்ட இறால் விழுது, எங்களுக்கு எலுமிச்சை ஊறுகாய்.

வீட்டில் அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "புளி போட மறந்துட்டியா?" என்றார். இரண்டாம் வாய்க்கு எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை சோற்றை அவரே போட்டுக்கொண்டார். எனக்கு அந்தச் சுவையில் தெரிந்தது ஆயாவின் துவையல்தான். மிளகாயை எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டு நீட்டிய அதே துவையல். கறி என்ற சொல் ஒரு கப்பலில் அங்கே போனதோ இல்லையோ, மணிலா என்ற சொல் ஒரு கப்பலில் இங்கே வந்தது உறுதி.

மல்லாட்டைக்குப் பிற ஊர்களில் உள்ள பெயர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். வேர்க்கடலை என்கிறோம், ஆனால் அது வேரில் காய்ப்பதில்லை. மேலே பூத்த மஞ்சள் பூ வாடியபின், அதிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகிறது. விழுது இறங்கும் பருவத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது அதற்காகத்தான். நிலக்கடலை என்ற பெயர் இதைச் சரியாகச் சொல்கிறது. 1753இல் லின்னேயஸ் வைத்த தாவரப் பெயரிலும் 'நிலத்தடி' என்ற பொருள் இருக்கிறது. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் அது 'நிலக் கொக்கோ'. மலையாளத்தில் கப்பலண்டி, கப்பலில் வந்த கொட்டை. யாழ்ப்பாணத்தில் கச்சான். நிலத்தைச் சொன்னவர்கள் செடி வளர்வதைப் பார்த்தவர்கள். கப்பலையும் மணிலாவையும் சொன்னவர்கள் அது வந்த வழியைப் பார்த்தவர்கள். இரண்டில் எது கொச்சை?

மணிலா என்ற ஊர்ப் பெயருக்கே ஒரு பொருள் உண்டு. உள்ளூர் மொழியில் 'மய்னிலா', அதாவது நிலா இருக்கும் இடம். அந்த 'நிலா' சாயம் எடுக்கும் அவுரிச் செடி. சமஸ்கிருத 'நீல'த்திலிருந்து போன சொல் என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். தென்னார்க்காட்டில் ஒரு காலத்தில் அவுரி விளைந்த பூமியில்தான் பின்னால் மல்லாட்டை பரவியது. அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்த ஆயா ஒருநாளும் கடலைப் பார்த்ததில்லை.

தம்பி மகளிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கரே-கரே எப்படிச் செய்யணும்னு எழுதி அனுப்புங்க அத்தை" என்றாள். எழுதி அனுப்பினேன். முதல் வரி: மல்லாட்டை இரண்டு கை. அவள் அதைத் திருத்தவில்லை. இந்த மாத மளிகைச் சீட்டிலும் அப்படியே எழுதினேன். கடைக்காரர், "காயா, பருப்பா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி. பண்ருட்டியில் மல்லாக்கொட்டை, திருவண்ணாமலையில் மல்லாட்டை. நடுவில் எந்த ஊரில் அந்தக் 'கொ' விழுந்தது? திருக்கோவிலூரிலா, வேட்டவலத்திலா, கீழ்ப்பென்னாத்தூரிலா? அந்தப் பக்கத்தில் உங்கள் வீட்டில் வயதான ஆயா இருந்தால், நாளைக்கே ஒரு கை காயை அவர் முன்னால் வைத்து இது என்ன என்று கேளுங்கள். அவர் சொல்வதை, திருத்தாமல், ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள்.