கூடையின் எடை

மகனுக்குப் பதினாறு வயது முடிந்த மறுநாளே மோட்டார் லைசென்ஸ் பேச்சை எடுத்தான். "கூட்டாளிங்க எல்லாரும் பி2 எடுக்கப் போறாங்கம்மா." கேட்காததுபோல் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மோட்டார் பேச்சு வந்தால் எல்லாரும் சற்று நேரம் வாயை மூடிக்கொள்வோம்.

என் அண்ணன் கேமரன் மலையில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தார். சனிக்கிழமை மாலை மோட்டாரில் தாப்பாவுக்கு இறங்கி வருவார். 1996-இல் ஒரு வாரம் நான்தான் போன் செய்து, "அண்ணே, முட்டைகோஸும் தக்காளியும் கொண்டு வாங்க" என்றேன். அன்று நல்ல மழை. ஒரு வளைவில் மோட்டார் சறுக்கியது. அண்ணன் வீடு வந்து சேரவில்லை. அப்போது அவருக்கு 24 வயது. மோட்டாரை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது பின்னால் கூடை கட்டியபடியே இருந்தது. கயிறுகூட அவிழவில்லை.

"அந்த வளைவு எம்புள்ளையைத் தூக்கி எறிஞ்சிருச்சு" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது வேறு. கூடை பத்து கிலோவாவது இருக்கும். அந்தக் கனம்தான் அண்ணனைத் தள்ளிவிட்டது. அதைக் கேட்டது நான்.

சென்ற மாதம் மகனுக்குப் பரீட்சை. படிவம் நான்கு இயற்பியலில் ஈர்ப்பு பற்றி ஒரு பாடம் வருகிறது. 'டாயா மெமுசாட்' என்று மலாயில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். தமிழில் என்ன என்று அகராதியைப் பார்த்தேன். மையநோக்கு விசை. "பேரே பாடத்தைச் சொல்லிடுதேம்மா!" என்று துள்ளினான்.

மறுநாள் ஒட்டுக்கடையில் தே ஓ ஐஸ் பொட்டலம் வாங்கிக் குடித்தான். ஐஸ் மட்டும் மிஞ்சிய பொட்டலத்தை ராஃபியா கயிற்றைப் பிடித்துச் சுழற்ற ஆரம்பித்தான். "இப்ப கையை விட்டா எந்தப் பக்கம் போகும்மா?"

"வெளியே, என்னை விட்டுத் தூரமா."

திடல் பக்கம் திரும்பிக் கையை விட்டான். அவன் தலைக்கு முன்னால் வந்த கணத்தில் விட்டதால், பொட்டலம் முன்னால் பாயும் என்று நினைத்தேன். அது பக்கவாட்டில், அந்தக் கணம் போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேராகப் பறந்து புல்லில் விழுந்தது. ஓடிப்போய் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

"வெளியே தள்ளுற விசைன்னு எதுவும் இல்லம்மா. கயிறு உள்ளே இழுத்துக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் சுத்துச்சு. கயிறு விட்டதும் அது பாட்டுக்கு நேரா போயிருச்சு."

நிலாவும் அப்படித்தானாம். நொடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓடப் பார்க்கிறது. பூமியின் ஈர்ப்பு ஒவ்வொரு நொடியும் அதை நேர்க்கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் உள்ளே இழுக்கிறது. அந்தச் சின்ன இழுப்பிலேயே 27 நாளில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. 2007 அக்டோபரில் நம் நாட்டின் ஷேக் முஸாபார் சுக்கோர் விண்வெளி நிலையத்தில் மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அங்கே ஈர்ப்பே இல்லை என்று நினைத்தேன். நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். தரையில் இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு அங்கும் உண்டு. நிலையமும் அதிலுள்ளவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் என்பதால் தரையில் மோதாமல் பூமியைச் சுற்றியே விழுகிறார்கள்.

அன்றிரவு, ஏதோ பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "நிலாவுக்கு ஈர்ப்பு, பொட்டலத்துக்குக் கயிறு. வளைவுல போற மோட்டாருக்குக் கயிறு எங்கே?"

"டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற பிடிதான்மா கயிறு."

தாளை எடுத்தான். வளைவின் ஆரம் 30 மீட்டர், காய்ந்த ரோட்டில் உராய்வு எண் 0.7, ஈரத்தில் 0.4 என்று வைத்துக்கொண்டான். காய்ந்த ரோடு மணிக்கு 51 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும். ஈரமான ரோடு 39-க்கு மேல் தாங்காது. வேகம் இரண்டு மடங்கானால், திருப்பத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது.

"பின்னாடி பாரம் இருந்தா?" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

"பாரம் கூடுனா திருப்ப அதிக விசை வேணும். ஆனா அதே பாரம் டயரையும் ரோட்டுல அழுத்துது, பிடியும் அதே அளவு கூடும்." சமன்பாட்டின் இரண்டு பக்கமும் இருந்த எடைக்கான எழுத்தைப் பேனாவால் அடித்தான். "வெட்டுப்பட்டுருச்சு. சரியா கட்டாம ஆடுனாதான் ஆபத்து. நல்லா கட்டியிருந்தா பத்து கிலோவால பெருசா எதுவும் மாறாது."

பத்து கிலோ என்று நான் சொல்லவே இல்லை. பேச்சுவாக்கில் அவன் வாயில் வந்த எண்தான். அவிழாத அந்தக் கயிறு கண்முன் வந்தது. தாளில் அடித்த இரண்டு எழுத்துகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாமாவைப் பற்றி முதன்முறையாக அவனிடம் முழுவதும் சொன்னேன். கூடையைப் பற்றியும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. அண்ணன் அன்று என்ன வேகத்தில் வந்தார், ஏன் அவசரப்பட்டார் என்பதெல்லாம் அந்தத் தாளில் கிடையாது. சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டும் என்று நினைத்திருக்கலாம். அந்த வருத்தம் தீரப்போவதில்லை. ஆனால் 'கனம்தான் தள்ளியது' என்று இத்தனை வருடம் சுமந்த ஒன்று அன்றோடு இறங்கியது.

லைசென்ஸ் வகுப்புக்குப் பணம் கொடுத்தேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போய் பிரேக் பிடிக்கக் கூடாது என்று ஒரு கட்டளையும் போட்டேன். திரும்பவும் நிற்கவும் அதே டயர் பிடியைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று காரணத்தை அவனே சொன்னான்.

போன வாரம் பயிற்சிக்குக் கிளம்பும்போது தூறல். வாசலில் நின்று, "ரோடு ஈரமா இருக்கு, தம்பி" என்றேன்.

"தெரியும்மா. இன்னிக்குக் கயிறு மெலிசு" என்று தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டான்.