ஆனையிறவைத் தாண்டும்போது

யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சி பஸ்ஸில் ஏறினால் சாவகச்சேரி, கொடிகாமம், பளை, இயக்கச்சி என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். வழி நெடுகப் பனை, தென்னை, வேலி, கிணற்றடி. பின்னர் வெளி விரியும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர். காற்றிலே உப்பு மணக்கும். 2000 இலும் 2009 இலும் யுத்தத்தில் கை மாறிய இந்த இடத்தில் உப்பளம் மறுபடியும் இயங்கத் தொடங்கியது. பரந்தனைக் கடந்தால் வயல்வெளி. இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த குடியேற்றக் கிராமங்கள்.

இந்த வீதியால் பல வருடங்களாக வேலைக்குப் போய் வருகின்றேன். ஆனையிறவைத் தாண்டும்போது நிலம் மாறுவதை எல்லோரும் காண்கிறோம். அந்த நிலத்தில் பெண்ணுக்கு இருக்கும் உரிமையும் அங்கே மாறுகிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

குடாநாட்டில் பெரும்பாலானவை உறுதிக் காணிகள். அங்கே தமிழர்களுக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். நமது வழக்கங்களை ஒல்லாந்தர் தொகுப்பித்து 1707 இல் சட்டமாக்கினார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொற்கள் இன்றும் நம் வாயில் புழங்குகின்றன. சீதனமாக வந்த வீடும் காணியும் பெண்ணின் பெயரிலேயே இருக்கும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது பெரிய பலமாகத் தெரியும். ஆனால் 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தனது சொந்தக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்றது அந்தச் சட்டம். அதற்கான செலவையும் அலைச்சலையும் நான் சொல்லத் தேவையில்லை.

ஆனையிறவுக்குத் தெற்கே பேர்மிற் காணிகள் அதிகம். அவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கியவை. பேர்மிற் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்று கருதப்பட்ட ஆணின் பெயருக்கே கொடுக்கப்பட்டது. பின்னுரித்தாளரை அவர் பெயர் குறிக்காமல் இறந்தால், பிள்ளைகளில் ஆண்களுக்கே முன்னுரிமை என்று சட்டம் சொன்னது. காடு வெட்டியவர்களில், நாற்று நட்டவர்களில் பெண்கள் இருந்தார்கள். பட்டியலில் அவர்கள் பின்னுக்கு நின்றார்கள். இந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது 2022 இல்தான்.

கிளிநொச்சிக் கிராமம் ஒன்றில் நான் சந்தித்த அக்கா ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் 2009 இல் காணாமற்போனவர். காணி அவருடைய பெயரில். 2010 இல் வந்த சட்டத்தின்படி, காணாமற்போய் ஒரு வருடம் கடந்தவருக்கு மரணச் சான்றிதழ் பெறலாம். பெற்றால் காணி விடயம் இலகுவாகும், சில உதவிகளும் கிடைக்கும். பல பெண்கள் பெற்றார்கள். இந்த அக்கா மறுத்துவிட்டார்.

"செத்தவர் எண்டு நான் கையெழுத்து வைச்சால், தேடுறதுக்கு ஆர் இருக்கினம் பிள்ளை?" என்று கேட்டார்.

இது அவரின் தனிப்பட்ட முடிவா? ஆம், அவர் மனதில் பிறந்த முடிவுதான். ஆனால் இப்படியொரு கேள்விக்குப் பதில் சொல்லும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்து விட்டது அரசியல். மரணத்தை ஒப்புக்கொள்ளாமல், காணாமற்போனவர் என்றே உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 இல்தான் சட்டம் வழி செய்தது. அதை வைத்து உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். அதுவரை இந்தப் பெண்களுக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: செத்தவர் என்று எழுதுவது, அல்லது எதுவுமே இல்லாமல் இருப்பது.

சட்டத்துக்குப் பதில் சொன்னாலும் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். நெற்றியில் குங்குமம் வைத்தால், "ஆருக்காக வைக்கிறாள்?" என்பார்கள். வைக்காவிட்டால், "அவளே முடிவெடுத்திட்டாள்" என்பார்கள். உப்பளத்துக்கோ தையல் வேலைக்கோ போய் இருட்டியபின் வந்தால் அதற்கும் ஒரு கதை. எந்தக் கட்டளைச் சட்டத்திலும் பொட்டைப் பற்றி எழுதப்படவில்லை. ஆனாலும் அதை மீறுவது எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது.

பண்பாடு என்றால் மாறாதது என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்த வீதியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1707, 1911, 1935, 2016, 2022 என்று நமது வாழ்வை வரையறுத்தவை எல்லாம் மனிதர்கள் எழுதியவை, மனிதர்கள் திருத்தியவை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்கள் தாய்மாரும் மனைவிமாரும். தமது வீட்டுத் துயரத்தை ஏ-9 வீதியோரத்துக்குக் கொண்டுவந்து, இது நாட்டின் கேள்வி என்று அவர்கள் காட்டினார்கள்.

சகோதரிகளே, நாமும் செய்யக்கூடியவை சில உண்டு. உங்களுடையது பேர்மிற் காணி என்றால், பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். மகளின் பெயரையும் யோசியுங்கள். எந்தச் சான்றிதழிலும் அவசரப்பட்டுக் கையொப்பமிடாமல், அதனால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று விசாரியுங்கள். மரணச் சான்றிதழ் பெற்ற பெண்ணையும் பெறாத பெண்ணையும் ஒரே கண்ணால் பாருங்கள். இருவருமே பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் பொட்டு வைத்திருந்தால், அவளிடம் காரணம் கேட்காமல் தேத்தண்ணி குடித்தாளா என்று கேளுங்கள்.