புகுந்த வீட்டை யார் பார்ப்பது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ரசிகர்களுக்கு வாய் ஓயாது. ஆட்டம் இல்லாத மாதம்தான். ஆனால் டிராஃப்ட் உண்டு. கல்லூரியில் ஆடி முடித்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் மூன்று நாள் நிகழ்ச்சி அது. முந்தைய சீசனில் எல்லோரையும்விட மோசமாக ஆடிய அணிக்கே முதல் பெயரைச் சொல்லும் உரிமை. அதனால் தோற்றுத் தேய்ந்த ஊர்களில்தான் நம்பிக்கை அதிகமாகப் பொங்கும். நான் சிகாகோ பேர்ஸ் ரசிகன். அந்த நம்பிக்கை எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பேச்செல்லாம் குவார்ட்டர்பேக்கைச் சுற்றித்தான். களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர் என்றாலும், ஒவ்வொரு முறையும் பந்து அவன் கைக்குத்தான் வருகிறது. எதிரணி எப்படி நிற்கிறது என்று படித்து, எறிவதா, ஓடுவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா என்று முடிவெடுக்க அவனுக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ ஆட்கள் அவனைச் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள். அவனுக்கு முன்னால் நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள் அந்த மூன்று விநாடியைச் சம்பாதித்துக் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய திறமையும் புல்தரையில்தான் கிடக்கும்.

டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபோலிஸ் நகரத்தில் இளைஞர்களை வரவழைத்து அளப்பார்கள். உயரம், எடை, 40 கெஜ ஓட்டம், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை கையின் அகலம். 2022இல் கென்னி பிக்கெட்டின் கை எட்டரை அங்குலம்தான் என்று வாரக்கணக்கில் விவாதித்தார்கள். அடுத்த வருடம் பிரைஸ் யங்கின் உயரம் ஐந்தடி பத்தங்குலம் என்பது பெரிய செய்தி. இதைப் பார்க்கும்போதெல்லாம் நம்மூர்ப் பெண் பார்க்கும் படலம்தான் எனக்கு நினைவுக்கு வரும். நடக்கச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள், நிறத்தையும் உயரத்தையும் ஊரே பேசும். அவள் போய் வாழப்போகிற வீடு எப்படிப்பட்டது, அங்கே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிக்க மட்டும் ஆள் இருக்காது. குவார்ட்டர்பேக் விஷயத்தில் நான் சொல்ல நினைப்பது அதைத்தான். பையனைப் பற்றிப் பேசுவதில் பாதியையாவது புகுந்த வீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

ஆதாரம் கேட்டால் 2005 டிராஃப்டைக் காட்டுவேன். அந்த வருடம் முதல் இடம் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்கு. இரண்டு குவார்ட்டர்பேக்குகள் எல்லோர் வாயிலும் இருந்தார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஸ்மித், பெர்க்லியின் ஆரன் ராட்ஜர்ஸ். ராட்ஜர்ஸ் வடக்கு கலிஃபோர்னியாக்காரர், சின்ன வயதிலிருந்தே நைனர்ஸ் ரசிகர். அணி ஸ்மித்தை எடுத்தது. ராட்ஜர்ஸ் நியூயார்க்கில் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் நான்கு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தார். 24ஆவது இடத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அவர் பெயரைச் சொன்னது.

ஸ்மித்துக்கு அப்போது 20 வயது. தேறாத ஓர் அணியில் முதல் ஆண்டே இறக்கிவிட்டார்கள். புள்ளி பெற்றுத் தரும் டச் டவுன் எறிந்தது ஒன்று, எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்தது பதினொன்று. அதைவிடக் கொடுமை, தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் பயிற்சியாளர் வருடத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருந்தார். 2005இல் மைக் மெக்கார்த்தி, அடுத்து நார்வ் டர்னர், அதற்கடுத்து ஜிம் ஹோஸ்லர், பிறகு மைக் மார்ட்ஸ், பிறகு ஜிம்மி ரே. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாஷையோடு வருவார்கள். போன வருடம் மனப்பாடம் செய்த புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அந்த மூன்று விநாடியில் யோசிக்க நேரம் கிடையாது, பழக்கம்தான் கை கொடுக்கும். பழக்கம் வர ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

ராட்ஜர்ஸோ பிரெட் ஃபாவ்ர் என்ற பெரிய ஆட்டக்காரருக்குப் பின்னால் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தார். எறியும் முறையைத் திருத்திக்கொண்டார், பெரும்பாலும் பயிற்சியில்தான் ஆடினார். இதில் என்னை உலுக்கும் விஷயம் ஒன்று உண்டு. நைனர்ஸில் ஸ்மித்தோடு ஒரே ஒரு வருடம் இருந்த மைக் மெக்கார்த்தி, 2006இல் கிரீன் பேயின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். ஸ்மித் இழந்த ஆசிரியர் ராட்ஜர்ஸுக்குக் கிடைத்தார், பல ஆண்டுகளுக்கு! 2008இல் ராட்ஜர்ஸ் களமிறங்கினார். 2010 சீசனில் இறுதிக் கோப்பையான சூப்பர் பௌல் வென்றார். லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது நான்கு முறை அவருக்கு.

ஸ்மித்தை எல்லோரும் கைகழுவிவிட்ட நேரத்தில், 2011இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்தார். அதே ஸ்மித், அதே கை, அதே உயரம். அணி 13 ஆட்டம் வென்று மூன்றில் மட்டும் தோற்றது. அப்படியானால் அதற்கு முந்தைய ஆறு வருடம் அளந்தது ஸ்மித்தையா, அந்த அணியையா? டிராஃப்ட் நிபுணர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது.

அவர் கதை அதோடு முடியவில்லை. 2013இல் கேன்சஸ் சிட்டிக்குப் போனார். 2017 டிராஃப்டில் அந்த அணி 27ஆவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு முன்னேறி, டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்திலிருந்து பேட்ரிக் மஹோம்ஸ் என்ற இளைஞரை எடுத்தது. தன் இடத்துக்கு வந்தவர் என்று தெரிந்தே ஸ்மித் அவருக்குத் தொழில் காட்டினார். மஹோம்ஸ் அதைப் பிறகு வெளிப்படையாகச் சொல்லி நன்றி பாராட்டியிருக்கிறார். அந்த முழு சீசனில் மஹோம்ஸ் தொடங்கியது கடைசி ஆட்டம் ஒன்றுதான். அடுத்த வருடம் ஐம்பது டச் டவுன். இன்றைக்கு அவர் வீட்டில் சூப்பர் பௌல் மோதிரங்கள் மூன்று.

அதே 2017 டிராஃப்டில்தான் எங்கள் சிகாகோ, மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஒரு படி ஏறுவதற்காக மேலும் மூன்று தேர்வுகளைக் கொடுத்து, மிட்செல் ட்ரூபிஸ்கியை எடுத்தது. மஹோம்ஸை விட்டுவிட்டார்களே என்று சிகாகோவில் இன்றுவரை புலம்பாதவர் இல்லை. நான் அந்தப் புலம்பலில் சேர மாட்டேன். மஹோம்ஸ் சிகாகோவுக்கு வந்திருந்தால் மஹோம்ஸ் ஆகியிருப்பாரா? ட்ரூபிஸ்கியை எடுத்த அந்த சீசன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸை அனுப்பிவிட்டார்கள். கல்லூரியிலேயே பதின்மூன்று ஆட்டம் மட்டும் தொடங்கிய பையன், முதல் வருடப் பாடத்தை மறந்து இரண்டாம் வருடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

அடுத்து 2021இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். அப்போதைய பயிற்சியாளர் மேட் நேகி, 2017இல் கேன்சஸ் சிட்டியில் இருந்தவர், மஹோம்ஸ் காத்திருந்து தேறியதைக் கூடவே இருந்து பார்த்தவர். அதேபோல ஃபீல்ட்ஸையும் மூத்தவரான ஆண்டி டால்ட்டனுக்குப் பின்னால் உட்காரவைக்க நினைத்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே டால்ட்டனுக்குக் காயம். கிளீவ்லாந்தில் ஃபீல்ட்ஸ் தொடங்கிய முதல் ஆட்டத்தில் ஒன்பது முறை அவரைச் சாய்த்தார்கள். எறிந்து பெற்றது 68 கெஜம். சாய்க்கப்பட்டு இழந்ததைக் கழித்தால் மிச்சம் ஒரே ஒரு கெஜம். காத்திருக்க வைக்கும் யோசனையைப் பிற ஊரிலிருந்து கொண்டுவந்துவிடலாம். காயம் வந்தால் தாங்குவதற்கு முன்னே ஐந்து பேர் வேண்டுமே. அந்த சீசன் முடிவில் நேகியும் போனார். 2010இல் நியூயார்க் ஜயன்ட்ஸ், எங்கள் குவார்ட்டர்பேக் ஜே கட்லரை முதல் பாதியிலேயே ஒன்பது முறை சாய்த்துத் தலையில் அடிபட வைத்ததைப் பார்த்த ஊர் இது. பதினோரு வருடத்தில் பாடம் ஏறவில்லை.

பிறகு 2024, கேலப் வில்லியம்ஸ். டிராஃப்டின் முதல் பெயர். அந்த ஒரு சீசனில் 68 முறை சாய்க்கப்பட்டார். அவருக்கு மாற்றாக வைத்திருந்த டைசன் பேஜன்ட்டும் இரண்டாம் ஆண்டுக்காரர்தான். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அந்த அறையில் ஒரு மூத்த ஆள் இல்லை. நவம்பரில் தாக்குதல் பயிற்சியாளரை நீக்கினார்கள். டெட்ராய்ட்டில் தேங்க்ஸ்கிவிங் ஆட்டம் முடிந்த மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளஸையும் நீக்கினார்கள். ட்ரூபிஸ்கி, ஃபீல்ட்ஸ், கேலப். முதல் சுற்றில் எடுத்த மூன்று குவார்ட்டர்பேக்குகளுக்கும் முதல் ஆண்டோடு பயிற்சியாளர் பறிபோனார். இதற்குமேல் பையன்களின் கை அகலத்தை அளந்து என்ன ஆகப்போகிறது?

புதுமுகங்களை உடனே களத்தில் இறக்க ஏன் இந்த அவசரம் என்றால், காரணம் பணத்தில் இருக்கிறது. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதிசெய்த தொகை மட்டும் ஐந்து கோடி டாலர். 2011இல் வீரர்கள் சங்கத்தோடு போட்ட புதிய ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டது. அந்த வருடம் முதலாவதாக வந்த கேம் நியூட்டனின் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமே இரண்டு கோடியே இருபது லட்சம். அன்றுமுதல் மலிவான நல்ல குவார்ட்டர்பேக் என்பது பெரிய சொத்து. மிச்சப்படும் பணத்தில் 53 பேர் கொண்ட அணியை வலுப்படுத்தலாம். 2012இல் மூன்றாவது சுற்றில் எடுத்த ரஸல் வில்சனை வைத்துக்கொண்டு சியாட்டில் இரண்டாவது வருடமே சூப்பர் பௌல் வென்று இதை நிரூபித்தது. மலிவான ஆண்டுகள் நான்கோ ஐந்தோ. அதில் ஒன்றை உட்காரவைத்து வீணாக்குவானேன் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். நினைப்பில் கணக்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிச்சமான பணம் தடுப்பாளர்களுக்குப் போகாமல் வேறெங்கோ போனால் அந்தக் கணக்கு எதற்கு உதவும்? 2002இல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ், தன் குவார்ட்டர்பேக்கைக் காப்பதற்கென்று டோனி போசெல்லி என்ற பெரிய தடுப்பாளரை எடுத்தது. தோள் காயத்தால் அவர் அந்த அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. புதுமுகக் குவார்ட்டர்பேக் டேவிட் காரை அந்த சீசனில் 76 முறை சாய்த்தார்கள். அது இன்றும் சாதனைப் பட்டியலில் இருக்கிறது.

உட்காரவைப்பது மட்டுமே மருந்து என்று நான் சொல்லவில்லை. பெய்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக் 1998இல் முதல் நாளிலிருந்தே ஆடினார். 28 முறை பந்தைப் பறிகொடுத்தார், புதுமுகங்களில் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அணி மூன்று ஆட்டம் மட்டும் வென்றது. அடுத்த வருடம் பதின்மூன்று. நடுவில் யாரும் பதறவில்லை. தாக்குதலைத் திட்டமிட்ட டாம் மூர் அடுத்த பத்தாண்டும் அங்கேயேதான் இருந்தார். தவறு செய்கிற பையனோடு அந்தத் தவறை நினைவில் வைத்திருக்கும் ஆசிரியரும் கூடவே இருந்தால், ஆடிக்கொண்டேகூடத் தேறலாம்.

இதற்கு மாறாக, நியூயார்க் ஜெட்ஸ் 2018இல் மூன்றாவதாக எடுத்த சாம் டார்னால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் நியூ இங்கிலாந்து அணிக்கு எதிரான ஆட்டத்தின்போது, எனக்குப் பேய்கள் தெரிகின்றன என்று அவர் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னது மைக்கில் பதிந்து நாடெங்கும் ஒலிபரப்பானது. ஊரே சிரித்தது. 21, 22 வயதுப் பையன் அடிபட்டு அடிபட்டு வராத ஆளையும் வருவதாகக் காண்கிற நிலைக்குப் போயிருக்கிறானே என்று பதறியவர்கள் குறைவு. பிறகு அணி அணியாகப் போய், 2024இல் மினசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கித் தந்தார். அவர்கள் அவரை வைத்துக்கொள்ளவில்லை. சியாட்டில் சேர்த்துக்கொண்டது. 2025 சீசன் முடிவில் அதே நியூ இங்கிலாந்தை வென்று சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கினார். அவர் தோற்றுப்போன ஆட்டக்காரர் என்று 2021இலேயே தீர்ப்பு எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஊரிலும் காற்று திரும்பியிருக்கிறது. டெட்ராய்ட்டின் தாக்குதலை நடத்திய பென் ஜான்சனை 2025 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துவந்தார்கள். ஆட்டத்தை அழைப்பதும் அவரே. ஆகவே கேலபின் ஆசிரியரை வேறு அணி தூக்கிக்கொண்டு போகும் பயம் இல்லை. அந்த மார்ச்சில் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று நடுத் தடுப்பாளர்கள் மூவரையும் ஒரே மூச்சில் மாற்றினார்கள். மூத்த கையான கேஸ் கீனமை அறையில் சேர்த்தார்கள். கேலப் சாய்ந்து கிடந்த காட்சிகள் பாதிக்கும் கீழே குறைந்தன. அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது, பிளேஆஃபில் கிரீன் பேயைப் பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து 31–27 என்று வென்றது. கேலபின் கை முந்தைய வருடமும் அதே கைதான்.

இனிதான் பேர்ஸ் நிர்வாகம் கவனமாக இருக்க வேண்டும். கேலபின் மலிவான ஆண்டுகள் முடிந்து பெரிய ஒப்பந்தம் வரும்போது யாரையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை விடட்டும், அவர்களை இரண்டாம் மூன்றாம் சுற்றில் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். தடுப்பாளர்களை விடக்கூடாது. தூனிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, அவர் இடத்துக்கு ஆள் இப்போதே அணிக்குள் வளர வேண்டும். ஆண்டுதோறும் முதல் மூன்று சுற்றுகளுக்குள் ஒரு தடுப்பாளரையாவது எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அரங்கில் அந்தப் பெயருக்குக் கைதட்டல் எழாது, தொலைக்காட்சி அவரைக் காட்டவும் காட்டாது. எடுக்கட்டும். மூத்த மாற்றுக் குவார்ட்டர்பேக்குக்கு ஓர் இடம் வீண் என்று கணக்குப் பார்த்து, 53 பேரில் அந்த ஓர் இடத்தை ஆகஸ்டில் வேறு யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம்.