வடமும் தண்டும் கவ்வியும்

காருக்குப் பேட்டரி வாங்குவது குறித்து ஆலோசனை சொல்லப் பலர் உண்டு. அந்தப் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைச் சுமந்து செல்லும் வடத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வண்டி காலையில் திணறினால் 'பேட்டரி போய்விட்டது' என்பதே முதல் தீர்ப்பு. என் பழைய மாருதி 800-க்கும் அத்தீர்ப்பே கிடைத்தது. அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் வண்டி அது. விடியுமுன் கிளம்பியாக வேண்டும். உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவனுக்குப் புதுப் பேட்டரி பெருஞ்செலவு. ஆகவே பணத்தை எடுக்குமுன் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஒரு மல்டிமீட்டரும், சாவியைத் திருப்ப இன்னொருவரும் போதும். முதலில் பேட்டரியின் இரு தண்டுகளுக்கும் இடையே அளந்தேன். ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் சுழலும்போது 10.8. அப்போது 9.6-க்குக் கீழே சரியாதவரை பேட்டரியைக் குறை கூற முடியாது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையை எதிர்மின் தண்டின் மீதும் மற்றதை எஞ்சின் உடலின் மீதும் வைத்தேன். தண்டைக் கவ்வியிருக்கும் பிடியின் மீது வைத்தால் பயனில்லை. தண்டுக்கும் பிடிக்கும் இடையில்தான் பழுது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். செல்ஃப் சுழன்றபோது மீட்டர் 1.1 வோல்ட் காட்டியது. நல்ல நிலையில் அது 0.2-ஐ ஒட்டியே இருக்க வேண்டும்.

இந்த எண்ணின் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், அந்தப் பாதையின் மின்தடை 11 மில்லி ஓம். 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வடம் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தரும் தடையோ 0.7 மில்லி ஓம் மட்டுமே. வடம் அதில் பாதிப் பருமனே ஆனாலும் கணக்கு 1.4-ஐத் தாண்டாது. மிச்சத் தடையெல்லாம் இணைப்புகளில் இருக்கிறது. பிடியைக் கழற்றியபோது உள்ளே வெண்பொடி; வடத்தின் நுனியில் நீலப்பச்சைப் படிவு. பேட்டரியின் கந்தக அமிலம் செம்பைத் தின்று விட்டுச்சென்ற மயில்துத்தம் அது.

மாற்று வடம் தேடி டவுன் ஹாலுக்கும் மினர்வா சர்க்கிளுக்கும் இடையே நீளும் ஜே.சி. சாலைக்குச் சென்றேன். பெங்களூரின் உதிரிபாகக் கடைகள் நெருங்கியிருக்கும் சாலை அது. மொழியியல் பயின்றவனுக்கு அங்கே ஒரு சிக்கல் உடனே தென்படும். 'டெர்மினல்' என்ற ஒரே சொல் மூன்று பொருள்களுக்கு வழங்குகிறது: பேட்டரியின் மீதுள்ள ஈயத் தண்டு, அதைப் பற்றும் கவ்வி, வடத்தின் நுனியிலுள்ள செம்பு லக். சொல்லைப் பிரிக்காமல் கேட்டால், பொருந்தாத பொருளோடு வீடு திரும்ப நேரும்.

தண்டிலும் இருவகை உண்டு. சிறு கார்கள் பலவற்றில் மெல்லிய தண்டுகள்: அடிப்பகுதியில் நேர்மின் தண்டு 14.7 மில்லிமீட்டர், எதிர்மின் தண்டு 13. பெரியவகையில் அவை 19.5, 17.9. இரு வகையிலும் நேர்மின் தண்டே பருமன் மிக்கது. கவ்விகளை இடம் மாற்றிப் போட்டுவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. மெல்லிய தண்டில் பெரிய கவ்வியை மாட்டி, நடுவே தகரம் செருகி இறுக்கும் வழக்கம் பழுதை மறுபடியும் அழைத்துவரும்.

கடைக்காரர் முதலில் ஒரு சிவப்பு வடத்தை நீட்டினார். "நல்லா தப்பமா இருக்கு பாருங்க தம்பி" என்றார். கன்னடத்தில் தடித்ததற்கு வழங்கும் சொல்லைத் தமிழோடு கலந்து பேசுவது இந்நகரத்து இயல்பு. வடம் தடித்திருந்தது உண்மை; தடித்திருந்தது அதன் மேலுறை. நுனியைக் காட்டச் சொன்னேன். உள்ளே இருந்த உலோகம் சிறுவிரலின் பாதிகூட இல்லை. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் செந்நிறத்தின் கீழே வெள்ளை தெரிந்தது: செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஈயம் பூசிய செம்பில் இதற்கு நேர்மாறாக வெளியே வெள்ளையும் உள்ளே செம்மையும் இருக்கும், அது நல்லது.

"25 ஸ்கொயர், முழுச் செம்பு, லக்கை அழுத்திப் பிணைத்துத் தாருங்கள்" என்று கேட்டேன். "அப்படித் தெளிவா கேளுங்க" என்று சொல்லி, உள்ளிருந்து வேறொரு சுருளை எடுத்து வந்தார். ஹைட்ராலிக் கருவியில் லக்கை நசுக்கி, சுருங்கும் குழாயால் மூடியும் கொடுத்தார். சுத்தியலால் தட்டிய லக்கில் இழைகளுக்கிடையே காற்று தங்கும், ஈரம் புகும், துத்தம் மீண்டும் பூக்கும்.

மாட்டும்போது ஒரு முறைமை உண்டு. எதிர்மின் கவ்வியை முதலில் கழற்றி, இறுதியில் மாட்ட வேண்டும். இல்லையேல் நேர்மின் பக்கம் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் உடலைத் தொட்டவுடன் தீப்பொறி பறக்கும். தண்டுகளைச் சமையல் சோடா கரைசலால் கழுவி, உலர்த்தி, தேய்த்தேன். எஞ்சினிலும் வண்டியின் உடலிலும் வடம் சேரும் இடங்களில் பெயிண்டையும் துருவையும் சுரண்டினேன். இறுக்கிய பின் மேலே வாசலின் பூசினேன். மறுபடி அளந்தபோது மீட்டர் காட்டியது 0.15 வோல்ட். பேட்டரி அதேதான்.

பழைய வண்டி வைத்திருக்கும் ஆய்வுத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். புதுப் பேட்டரிக்குப் பணம் எடுக்குமுன், இயற்பியல் துறை நண்பரிடம் ஒரு மல்டிமீட்டர் இரவல் கேளுங்கள். கடைக்குப் போனால் தண்டு, கவ்வி, லக் மூன்றையும் பெயர் பிரித்துக் கேளுங்கள். வடத்தின் நுனியை உரித்துப் பாருங்கள். அம்மாவின் அடுத்த சிகிச்சை வியாழனன்று. வண்டி முதல் சாவியிலேயே கிளம்புகிறது.