அரை மாத்திரை

2014ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், செய்யாற்றுக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்த கூத்து வாத்தியார் ஒருவரைக் காணச் சென்றேன். எழுபத்தெட்டு வயது. கால் ஓய்ந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார்; குரல் ஓயவில்லை. கர்ண மோட்சத்தை அவர் அச்சு நூலில் உள்ளபடி பாடுவதில்லை, தம் ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தபடிதான் பாடுவார் என்று மாணவன் ஒருவன் சொல்லியிருந்தான். பாடபேதம் என்ற சொல்லைக் கேட்டால் தமிழ் படித்தவனுக்கு உண்டாகும் பரபரப்பு எனக்கும் உண்டாயிற்று.

நண்பரிடம் இரவல் வாங்கிய வீடியோ கேமராவைப் பத்தடி தள்ளி முக்காலியில் நிறுத்தினேன். முழு உருவமும் கையசைவும் படத்தில் விழ வேண்டும் என்பதே என் கவலை. சிமெண்டுச் சுவர் கொண்ட சிறிய கூடம். வெக்கை தாளாமல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. "நீங்களும் வாத்தியாரு, நானும் வாத்தியாரு. எனக்கப்புறம் கேக்கறவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்துவிட்டு, ஐம்பது நிமிடம் பாடினார்.

வீட்டுக்கு வந்து எழுதியெடுக்க உட்கார்ந்தபோதுதான் இழப்பு தெரிந்தது. படம் பழுதில்லை. நெற்றிச் சுருக்கம்கூடத் தெளிவாக இருந்தது. ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் எல்லாம் மின்விசிறியின் இரைச்சல் பொங்கி எழுந்தது. ஓரிடத்தில் அவர் பாடியது 'கொடை'யா 'தொடை'யா என்று ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டேன். கர்ணன் வள்ளல், வில்லாளியும்கூட. இரண்டும் பொருந்தும். 'ஒடை' என்பது மட்டுமே என் காதில் விழுந்தது.

தொல்காப்பியர் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளவு வகுத்தார். உயிர்மெய்யில் அந்த அரையும் உயிரின் அளவுக்குள் ஒடுங்கிவிடும். வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான். அதன் உண்மையை அந்தப் பதிவில்தான் உணர்ந்தேன். உயிரொலி நீண்டு ஒலிப்பது, வலியது. எட்ட இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். வல்லின மெய்யோ கணத்தில் வெடித்து அடங்குவது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரிப்பதும் அதுவே, முதலில் சாவதும் அதுவே.

காரணம் பிறகு புரிந்தது. வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. எனவே பத்தடிக்கு அப்பால் குரலைவிடச் சுவரே அதிகம் பாடுகிறது. போதாக்குறைக்கு, கேமராவுக்குள் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. பாடுபவர் நிறுத்தினால், ஒலி குறைந்துவிட்டதென்று எண்ணி அது செவியைக் கூர்மையாக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் மின்விசிறி புகுந்துவிடும். நான் செய்த பிழை ஒன்றுதான்: கண் நிற்கும் இடத்திலேயே செவியையும் நிறுத்தியது. கண் எட்ட நிற்கலாம். செவி கிட்டத்தான் இருக்க வேண்டும்.

மறுமுறை போவதற்குக் கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தேடி வாங்கினேன். வாங்கியபின் தேர்வுத்தாள், திருத்தம் என்று நாள் தள்ளினேன். 2016 பங்குனியில் வாத்தியார் காலமானார்.

2018இல் அவருடைய மாணவரைப் பதிவுசெய்தேன். அவருக்கும் வயது அறுபதுக்கு மேல். மேலே துண்டு மட்டும் போட்டிருந்தார். காலர் மைக்கைத் துண்டில் குத்தினால் துணி உரசும் ஒலியே மிஞ்சியது. ஆகவே ஒரு முழ தூரத்தில் முக்காலிப் பலகை போட்டு, மடித்த துணியின்மேல் கருவியை வைத்தேன். மின்விசிறியை அணைத்தோம். முதலில் உச்ச சுருதியில் ஒரு விருத்தம் பாடச் சொல்லி, முள் கழித்தல் 12 டெசிபலைச் சுற்றி நிற்குமாறு அளவை நிறுத்தினேன். கூத்துக் குரல் திடீரென ஏறும், ஏறி உடைந்த ஒலியை எவராலும் ஒட்டவைக்க முடியாது. எம்பி3 வேண்டாமென்று வேவ் கோப்பாக, வீடியோவுக்கு ஏற்ற 48,000 மாதிரி அளவில் பதிந்தேன். கேமராவின் ஒலியையும் ஓடவிட்டேன். பின்னால் இரண்டையும் பொருத்திப் பார்க்க அது வேண்டும்.

இரண்டு கருவிகளும் ஓடத் தொடங்கியபின், கேமராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டினேன். இரண்டு பதிவிலும் அந்தத் தட்டல் ஓர் ஊசிமுனைபோல் எழுந்து நிற்கும். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து நகர்த்தினால் வாயும் சொல்லும் கூடிவிடும். இரு கருவிகளின் கடிகாரமும் முழுக்க ஒன்றுபோல் ஓடுவதில்லை. நீண்ட பதிவில் சொல் மெல்ல விலகும். அதற்காக இறுதியிலும் ஒரு தட்டு. "தாளம் போடற மாதிரிதான்" என்றார் அவர்.

அன்றிரவு காதணிபேசியில் கேட்டபோது, ஒவ்வொரு வல்லினமும் கல்வெட்டுபோல் நின்றது. நிறுத்தங்களில் நிசப்தம் இருந்தது. நிசப்தத்தில் அவர் மூச்சு இருந்தது.

அந்த வரி வந்தபோது அவர் 'தொடை' என்று பாடியிருந்தார். மறுநாள் தொலைபேசியில் கேட்டேன்: வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இதுதானா? "வாத்தியாரு ரெண்டும் பாடுவாரு சார். ராத்திரிக்கு ராத்திரி மாறும். அன்னிக்கு உங்ககிட்ட எத பாடினாரோ, யாருக்குத் தெரியும்?"

இன்று இதற்குத் தனிக்கருவிகூட வேண்டியதில்லை. இரண்டு கைபேசிகள் போதும். ஒன்று எட்ட நின்று பார்க்கட்டும், மற்றொன்று அருகில் கிடந்து கேட்கட்டும். ஒருமுறை கைதட்டுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தாலாட்டோ ஒப்பாரியோ வயதேறிக்கொண்டிருக்கும். அடுத்த விடுமுறை என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

என் குறிப்பேட்டில் வாத்தியாரின் அந்த வரிக்கு நேரே இரண்டு சொற்களையும் எழுதி வைத்திருக்கிறேன். எதையும் அடிக்கவில்லை.