சீனிப் பாட்டிலில் ரவை

டிசம்பர் பிறந்ததும் பரணில் இருக்கும் வெண்கல உருளியை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து வைப்பது சின்ன வயதில் என் வேலை. இப்போதும் என் வேலைதான். உருளி அம்மாவுடையது. இந்த வருடம் அதில் தேங்காய் மிட்டாய் கிண்டும்போது பேத்தி கேட்டாள்: "ஆச்சி, சின்னப் பிள்ளையில நீங்க சீனியைத் திருடித் தின்னிருக்கீங்களா?"

ஐம்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் மூன்று. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, தேங்காய் மிட்டாய். முந்திரிக்கொத்தில் முந்திரிப் பருப்பு கிடையாது. வறுத்த பாசிப்பயற்று மாவும் கருப்பட்டியும் தேங்காயும்தான். உருண்டைகளை மூன்று மூன்றாக மாவில் முக்கிப் பொரித்தால் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அதை ஆச்சி பார்த்துக்கொள்வாள். அச்சு முறுக்கு அம்மா. அச்சை எண்ணெயிலேயே சூடேற்றி, மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு அச்சின் தலையை மூடிக்கொள்ளும், முறுக்கு கழன்று விழாது. எனக்கு அதெல்லாம் வேண்டாம். ரோஸ் கலர் போட்ட தேங்காய் மிட்டாய் போதும்.

அந்த மிட்டாய்க்குத்தான் சீனி வேண்டும். நான் சொல்வது 1975. ரேஷனில் அளந்துதான் சீனி கொடுப்பார்கள். வெளிக்கடை விலை அப்பாவின் வாத்தியார் சம்பளத்துக்கு எட்டாது. அதனால் செப்டம்பரிலிருந்தே எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். ரேஷன் சீனி வந்ததும் அம்மா அப்படியே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி, அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிடுவாள். டிசம்பருக்குள் இரண்டு பாட்டில் நிறைந்திருக்கும்.

எனக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு. அரிசிப் பானை மூடிமேல் ஏறினால் எனக்கு மேல்தட்டு எட்டும். முதலில் ஈர விரலால் தொட்டு நக்கினேன். அப்புறம் கரண்டி. தம்பி பார்த்துவிட்டான், வாயை அடைக்க அவனுக்கும் ஒரு பங்கு. ஒரு நாள் பார்த்தால் ஒரு பாட்டிலில் பாதிதான் இருக்கிறது. பக்கத்திலேயே ரவை டப்பா. மேலாகக் கொஞ்சம் சீனியை எடுத்து வைத்துக்கொண்டு, ரவையைக் கொட்டி, எடுத்த சீனியை அதன்மேல் பரப்பினேன். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் அம்மா உருளியை அடுப்பில் ஏற்றினாள். இரண்டு தேங்காய், வெள்ளைப் பாகம் மட்டும் பூவாகத் துருவியது. சீனியும் கொஞ்சம் பாலும் சேர்ந்து இளகி, நுரைத்து, ஓரம் விட்டு வர வேண்டும். வரவில்லை. ஊதி ஊதி, உருளி நிறைய ரோஸ் நிறத்தில் கேசரி மாதிரி ஒன்று எழும்பி நின்றது. அம்மா கரண்டியில் எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நாலு மாசத்துச் சீனி!

"யாரு பார்த்த வேலை?" என்றாள். தம்பியின் டவுசர் பையில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அவன் பங்கை அதில்தான் வைத்திருந்தான். அடி அவனுக்கு விழுந்தது. அழுதானே தவிர, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு எட்டு வைத்து "நான்தாம்மா" என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அம்மா ஆச்சியின் கருப்பட்டியில் மறுபடியும் கிண்டினாள். கருப்பட்டி சீனி மாதிரி வில்லை போட இறுகாது, அதனால் உருண்டை பிடித்தாள். தீபாவளிக்கு அதிரசம் வந்த தட்டுகள் வெறுமையாகத் திரும்பக் கூடாது அல்லவா? எதிர்வீட்டுக்கும் பின்வீட்டு பாய் வீட்டுக்கும் அந்தப் பழுப்பு உருண்டைதான் போனது. ராத்திரி கேரல் பாட வந்தவர்களுக்கும் அதுதான். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இந்த வருடம் பேத்தியிடம் கதையைச் சொல்லி முடித்தபோது உருளியில் பதம் வந்திருந்தது. துருவல் ஒரு கப்புக்குச் சீனி ஒரு கப், அதுதான் அம்மா கணக்கு. ஓரம் விட்டு நுரைத்ததும் நெய் தடவிய தட்டில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பொடிந்துவிடும். கோடு போட்ட கையோடு கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, அந்த ரவை விஷயம்... அம்மா போற வரைக்கும் நான் சொல்லவே இல்லடா."

அவன் சிரித்தான். "எக்கா, அம்மாவுக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும். ஆறு வயசுப் பயலுக்கு மேல்தட்டு எட்டுமா? அடிச்ச இடத்துல எண்ணெய் தேய்ச்சுவிட்டு, மறுநாள் முதல் உருண்டையை எனக்குத்தான் குடுத்தா."

"பின்ன ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தா. எனக்குக் கல்யாணம் ஆன பிறகுகூட ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேட்டா, 'உங்கக்கா இன்னும் சொல்லலியாடா?'ன்னு."

நான் பேசவில்லை. பேத்தி தட்டின் ஓரத்தில் உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

"எக்கா, லைன்ல இருக்கியா? மிட்டாய் அனுப்பு. சீனி மட்டும் போட்டு."

நாளைக் காலையில் கூரியரில் போடுகிறேன். கூடவே ஒரு டப்பாவில் கருப்பட்டி உருண்டையும்.