நடுக்கோடு பிசகாத உடல்

கோவை கணபதியில், வார்ப்படச் சாலைகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்துவந்த ஆசாரி ஒருவரின் பட்டறையில் இப்போது மாதிரி விமானங்களின் உடல் உருவாகிறது. கம்ப்யூட்டர் இயந்திரங்கள் வந்தபின் பேட்டர்ன் வேலை குறைந்தது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் ரேடியோவில் ஓட்டும் விமானங்களோடு அவரைத் தேடி வந்தார்கள். பசை காயும்வரை அந்த உடல்களைப் பிடித்துவைக்க அவரே கட்டிய ஜிக்கைப் பார்க்கப் போயிருந்தேன்.

ஒன்றரை மீட்டர் நீளத்தில் 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. நடுவில் நெடுக ஒரு கோடு, கத்தி முனையால் கீறியது. பேனாக் கோட்டுக்கு அகலம் உண்டு. அந்த அகலத்தைக்கூட அவர் ஏற்பதில்லை. கோட்டின் இருபுறமும் ஜோடி ஜோடியாக அலுமினிய ஆங்கிள் துண்டுகள், பலகையில் வெட்டிய காடியில் நகர்ந்து போல்ட்டில் இறுகுகின்றன. ஒவ்வொரு ஜோடியும் உடலின் குறுக்கே நிற்கும் சட்டமான ஒரு பார்மரையும் அதன் இருபுறத் தகடுகளையும் செங்குத்தாகப் பிடிக்கிறது.

இவ்வளவு பிடி எதற்கு? மூக்கிலிருந்து இறக்கைவரை இரு பக்கத் தகடுகளும் இணையாகப் போகும். அதற்குப் பின் வால் நோக்கி வளைந்து ஒன்றுசேர வேண்டும். இந்தத் தகடுகள் பால்சா மரம். பால்சா ஒரே சீரான மரமல்ல. ஒரே அளவில் வாங்கிய இரண்டு தகடுகளில் ஒன்று மற்றதைவிட இருமடங்கு எடை இருப்பதுண்டு. கெட்டியான தகடு குறைவாக வளையும், மெலிந்தது அதிகமாக வளையும். ஜிக் இல்லாமல் கையால் இழுத்து ஒட்டினால் வால் கெட்டிப் பக்கம் சாய்ந்து, உடல் வாழைக்காய்போல் கோணிவிடும். 600 மி.மீ. நீளத்தில் வால் முனை 10 மி.மீ. விலகினால் கோணப்பிழை கிட்டத்தட்ட 1 பாகை. பிறகு பறக்கும்போதெல்லாம் சுக்கானைத் திருப்பியே பிடிக்க வேண்டியதுதான்.

"ஏனுங்ண்ணா, இந்தப் பக்கம் அரை நூல் வெளிய நிக்குதுங்க" என்றான் உதவிக்கு இருந்த இளைஞன்.

"பசை வெக்காம மறுபடி கோத்துப் பாரு கண்ணு. பார்மர் காடில பிசிறு இருக்கும்."

பிசிறுதான் இருந்தது. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்ததும் தகடு கோட்டுக்கு வந்தது. லேசரில் வெட்டிய, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பாகங்கள் வந்துவிட்டதால் ஜிக் தேவையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். பொருந்தும் இடத்திலும் சிறு இடைவெளி இருக்கும். பத்துப் பார்மர்களில் அது சேர்ந்தால் முறுக்கு.

இரும்புத் தகட்டின் மேல் காந்தங்களை நிறுத்தும் ஜிக்குகளும் கிடைக்கின்றன. வேண்டிய இடத்தில் வைத்து எடுக்க அவை சுகம். ஆனால் தடித்த தகட்டை வால் பக்கம் வளைக்கும்போது காந்தம் வழுக்கும் என்பது இவர் அனுபவம். ஒரே ஒரு விமானம் கட்டுபவருக்கு, கோணலில்லாத பலகையும் ஆணியால் அடித்த மரக்கட்டைகளும் போதும் என்றார். பல வடிவங்கள் கட்டுபவருக்கே நகரும் ஆங்கிள்கள்.

ஜிக்கிலிருந்து எப்போது கழற்றுவது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. மேல் மூடாத ஓர் உடலையும் மூடி ஒட்டிய ஓர் உடலையும் என் கையில் தந்து முறுக்கச் சொன்னார். முதலாவது எளிதாகத் திரும்பியது, இரண்டாவது அசையவில்லை. நான்கு புறமும் மூடிய பெட்டிதான் முறுக்கைத் தாங்கும். அதனால் மேல்பரப்பு தட்டையாக இருந்தால் உடலைக் கவிழ்த்துக் கட்டி, அடித்தகட்டைக் குறுக்கு நாராக ஒட்டி, ஃபெவிகால் ஓர் இரவு முழுக்கக் காய்ந்தபின்தான் போல்ட்டைத் தளர்த்துகிறார். உடல் பலகையோடு ஒட்டாதிருக்க அடியில் பாலிதீன் தாள். மாணவர்களின் அவசரத்துக்கு அவர் இணங்குவதில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

1940-இல் முதன்முதலாகப் பறந்த டிஹாவிலாண்ட் மஸ்கிட்டோ போர்விமானத்தின் உடலும் பால்சாவும் பிர்ச் ப்ளைவுட்டும்தான். இடமும் வலமுமாக இரண்டு பாதிகளை அச்சின்மேல் ஒட்டி, பிறகு இணைத்தார்கள். நிஜ விமானத்துக்கும் வடிவத்தைக் காத்தது அச்சுதான்.

விடுதிக்கு ஜிக்கைக் கடன் கேட்ட மாணவர்களுக்கு அவர் மறுக்கவில்லை. மழைக்காலத்தில் பலகை வளையும் என்று எச்சரித்தார். ஒவ்வொரு உடலுக்கு முன்பும் பலகையின் இரு முனைகளிலும் நேரான சட்டம் ஒவ்வொன்றைக் குறுக்கே வைத்து, ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டு விளிம்பும் இணையாகத் தெரியாவிட்டால், அடியில் அட்டை செருகிச் சரிசெய்த பிறகே பார்மரைத் தொட வேண்டுமாம்.